சம்புக் குடிலும் கண்ணாடிப் பஞ்சும்

நியூசிலாந்தின் பழைய வீடுகள் குளிருக்குக் காப்புப் பெற்ற வரலாறு

1842ஆம் ஆண்டில் நியூசிலாந்துக் குடியேற்ற அரசாங்கம் வீடுகளைப் பற்றிச் சட்டம் ஒன்று இயற்றியது. நகரங்களில் ‘ரௌப்போ’ வீடு வைத்திருப்பவர் ஆண்டுதோறும் 20 பவுன் வரி கட்ட வேண்டும். புதிதாக அத்தகைய வீடு எழுப்புவோருக்கு 100 பவுன் தண்டம். ரௌப்போ என்பது சதுப்பு நிலத்தில் வளரும் ஒருவகைக் கோரை. நம்மவர் சம்பு என்று சொல்லும் இனத்தைச் சேர்ந்தது. மாவோரி மக்கள் அதனைக் கட்டுக் கட்டாக அடுக்கிச் சுவர் எழுப்பினர், கூரையும் வேய்ந்தனர். உறங்குவதற்கென்று அமைத்த குடில்களைத் தாழ்வாகவும் சிறியதாகவும் கட்டி, தரையைச் சற்றே தோண்டி இறக்கி, சுவரோரம் மண்ணை அணைத்து வைத்தனர். உள்ளே சிறு நெருப்பு எரியும். தென்கடலிலிருந்து வரும் குளிர்காற்று அந்தக் குடிலுக்குள் எளிதில் புக முடியாது. முதலில் வந்திறங்கிய வெள்ளையர் பலரும் மாவோரிகளைக் கொண்டு இத்தகைய வீடுகளையே கட்டுவித்துக் குடியிருந்தனர் என்பது அந்நாட்டு வரலாறு.

167 ஆண்டுகள் கழிந்தன. 2009இல் அதே நாட்டின் அரசாங்கம் மக்களை நோக்கி, ‘உங்கள் வீட்டு உட்கூரையின் மேல் பஞ்சு பரப்பிக்கொள்ளுங்கள், தரைப்பலகையின் அடியிலும் காப்பு வையுங்கள், செலவில் ஒரு பங்கு நாங்கள் தருகிறோம்’ என்று அறிவித்தது. கதகதப்பான வீட்டுக்கு வரி போட்ட அரசாங்கத்தின் வழிவந்ததே, குளிர்ந்த வீட்டைக் கதகதப்பாக்க மானியம் கொடுத்தது. இடையில் நிகழ்ந்தவை என்ன? அந்த மானியம் எதற்காகக் கொடுக்கப்பட்டது? அதனால் விளைந்தது என்ன? இவ்விரண்டுக்கும் விடை ஒன்றன்று. அதனாலேயே இந்த வரலாறு படிக்கத் தக்கதாகிறது.

1842இல் சட்டம் செய்தவர்கள் தீயைக் கண்டு அஞ்சினர். அந்த அச்சம் பொய்யானதன்று. காய்ந்த சம்பு ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். நெருக்கமாக வீடுகள் நிற்கும் நகரத்தில் ஒன்று எரிந்தால் தெருவே எரியும். ஆயினும் தீக்கு அஞ்சிச் சம்பை விலக்கியவர்கள், சம்பு செய்த மற்றொரு வேலைக்கு மாற்று ஏற்பாடு செய்ய மறந்தனர். அத்தாப்புக் கூரை போய்த் தகரக் கூரை வந்த காலத்தைக் கண்ட நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இது புதிராக இராது. தகரம் ஒழுகாது, எளிதில் தீப்பற்றாது. ஆனால் நண்பகலில் அதன் கீழ் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அங்கே குளிர், இங்கே வெப்பம். இழந்தது என்னவோ ஒன்றுதான்.

பலகை வீடுகள்

இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் செங்கல் வீட்டுக்குப் பழகியவர்கள். நியூசிலாந்தின் நிலமோ செங்கல்லுக்கு இடங்கொடுக்கவில்லை. 1848இலும் 1855இலும் நேர்ந்த பெரும் நிலநடுக்கங்களில் வெலிங்டன் நகரத்துச் செங்கற் கட்டடங்கள் பிளந்தும் சரிந்தும் போயின. வளைந்து கொடுக்கும் மரமே உயிருக்குப் பாதுகாப்பு என்பதை மக்கள் கண்டுகொண்டனர். மரத்துக்கும் அந்நாட்டில் அப்போது பஞ்சமில்லை. வடக்கே ‘கவ்ரி’ என்னும் மாமரங்கள் காடு காடாக நின்றன. அவற்றை வெட்டி அறுத்த பலகைகளால் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆயிரமாயிரம் வீடுகள் எழுந்தன.

‘வில்லா’ என்று அழைக்கப்படும் அவ்வீடுகள் பார்வைக்கு அழகானவை. முன்புறம் தாழ்வாரம், உயர்ந்த உட்கூரை, மேலும் கீழும் நகரும் பெரிய சன்னல்கள், குறுங்கால்களின் மேல் தூக்கி நிறுத்திய தரை. அந்தத் தரையின் அடியில் காற்று தாராளமாக ஓடும். சுவரோ வெளியே ஒரு பலகை, உள்ளே ஒரு பலகை, நடுவே வெற்றிடம். உட்பலகையின் மேல் சாக்குத் துணியை இழுத்து ஆணியடித்து, அதன்மேல் பூப்போட்ட தாளை ஒட்டுவது வழக்கம். காற்று வேகமாக வீசும் இரவுகளில் பலகை இடுக்கு வழியே நுழையும் காற்றால் அந்தத் தாள் மூச்சு விடுவதுபோல் எழுந்து தாழும். அத்தகைய அறையில் கணப்பு எரித்தால் அதன் அருகில் இருப்பவனுக்கு மட்டும் முகம் சுடும், முதுகு குளிரும்.

1937 செப்டம்பரில் வெலிங்டனின் மிராமர் பகுதியில் அரசாங்கம் கட்டிய முதலாவது வாடகை வீடு குடிபுகுவோருக்கு அளிக்கப்பட்டது. பிரதம மந்திரி மைக்கேல் ஜோசஃப் சாவேஜ் தாமே உணவு மேசையைத் தூக்கிக்கொண்டு அவ்வீட்டுக்குள் நுழைந்தார் என்பது அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. நல்ல மரத்தால் உறுதியாகவும் சூரிய ஒளி விழும் திசை பார்த்தும் அவ்வீடுகளைக் கட்டினர். ஆனால் உட்கூரையின் மேலும் தரையின் அடியிலும் குளிரைத் தடுக்க ஒன்றும் வைக்கவில்லை. புதிதாகக் கட்டும் வீட்டுக்கு வெப்பக்காப்பு கட்டாயம் என்னும் விதி 1978 ஏப்ரல் 1ஆம் நாள்தான் வந்தது. அதற்குமுன் எழும்பிய வீடுகளில் பெரும்பாலானவை, ஏழையதாயினும் செல்வனதாயினும், திறந்த கூடையைப் போன்றவையே.

குளிரைப் பொறுப்பது அந்நாட்டாருக்கு ஒரு பெருமையாகவும் ஆகிவிட்டது. வீடு முழுவதையும் சூடாக்குவது ஊதாரித்தனம்; இன்னொரு கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள் என்பது பெற்றோர் வாக்கு. மாலையில் கூடத்தில் மட்டும் கணப்பு எரியும். படுக்கையறைக்குக் கணப்பு கிடையாது. 1990களின் நடுவிலிருந்து பத்தாண்டுகள் சுமார் 400 வீடுகளில் வெப்பமானி வைத்து அந்நாட்டுக் கட்டட ஆராய்ச்சியாளர் அளந்தபோது, குளிர்கால இரவில் படுக்கையறைகளின் சராசரி வெப்பம் 14 பாகை சென்டிகிரேடைக்கூட எட்டவில்லை. 18 பாகைக்குக் கீழே போகலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆண்டுதோறும் மற்ற மாதங்களைவிடக் குளிர்மாதங்களில் ஏறத்தாழ 1,600 பேர் மிகுதியாக இறந்து வந்தனர். இங்கிலாந்தையோ கனடாவையோ நோக்க, பனி அவ்வளவு கடுமையில்லாத நாட்டில் இப்படி ஒரு கணக்கு!

அசையாத காற்று

வெப்பக்காப்பு என்பது பெரிய மந்திரமன்று. கம்பளிக்கு இயல்பாகச் சூடு கிடையாது. அதன் இழைகளுக்கு நடுவே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றே வெப்பத்தைக் கடத்தாமல் தடுக்கிறது. கண்ணாடியை உருக்கி நூலாக இழுத்துச் செய்யும் கண்ணாடிப் பஞ்சும், ஆட்டு மயிரும், பாலியெஸ்டர் மெத்தையும் செய்வது இந்த ஒரே வேலைதான். சம்பின் தண்டுக்குள் இருந்த நுண்ணறைகளும் அதையே செய்தன.

சூடான காற்று மேலே எழுவதால் முதலில் மூட வேண்டியது உட்கூரை. அடுத்தது தரை. இங்கே இன்னொரு பகையும் மறைந்திருக்கிறது. வீட்டின் அடியில் உள்ள மண் எப்போதும் ஈரத்தைக் கக்கிக்கொண்டே இருக்கும். 100 சதுர மீட்டர் பரப்புள்ள வீட்டின் அடியிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 லிட்டர் நீர் ஆவியாக எழக்கூடும் என்று கட்டட ஆராய்ச்சியாளர் கணித்தனர். அந்த ஆவி குளிர்ந்த அறைச்சுவரில் நீராகப் படியும்; நீர் படிந்த இடத்தில் பூசணம் கறுக்கும்; பூசணம் படர்ந்த அறையில் குழந்தைக்கு மூச்சு இழுக்கும். ஈரக் காற்றைச் சூடாக்குவதற்கு எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும். ஆதலால் வெறும் மண்ணின் மேல் ஒரு பாலிதீன் விரிப்பை விரித்து வைப்பது, மலிவான வேலையாயினும், பெரும்பயன் தருவது.

பழைய வீட்டின் சுவருக்குள் காப்புத் திணிப்பது கடினம். பலகையைப் பிரிக்க வேண்டும். உட்கூரைக்கும் தரைக்கும் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு ஆட்கள் ஒரு நாளில் முடித்துவிடுவார்கள். மானியத் திட்டங்கள் கூரையையும் தரையையும் தேர்ந்துகொண்டதன் காரணம் இதுதான்.

எண்ணெயும் சிக்கனமும்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் விற்பனையைத் தடுத்ததும் சில மாதங்களில் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. 1979இல் ஈரானியப் புரட்சியால் இரண்டாம் முறை விலை ஏறியது. நியூசிலாந்து அரசாங்கம் அவ்வாண்டு ஜூலை 30ஆம் நாள் முதல் காருக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வு கொடுக்கும்படி கட்டளையிட்டது. உரிமையாளர் தேர்ந்துகொண்ட நாளைக் காட்டும் சீட்டு கண்ணாடியில் ஒட்டப்பட்டது. 1980 மே மாதத்தில் அது கைவிடப்பட்டது. அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 1977 ஏப்ரல் 20க்கு முன் கட்டிய வீட்டில் காப்பு வைத்தவருக்கு முதல் 2,000 டாலர் செலவில் நூற்றுக்கு 15 பங்கை, அதாவது 300 டாலர் வரை, வருமான வரியில் கழித்துக் கொடுத்தது.

இவையெல்லாம் எண்ணெயைச் சேமிக்கும் நோக்கத்தில் பிறந்தவை. வீட்டில் இருப்பவனின் மூச்சைப் பற்றி எவரும் கணக்கெடுக்கவில்லை. ‘எரிபொருள் சிக்கனம்’ என்னும் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் வரவும் செலவும் எழுதப்பட்டன.

1,350 வீடுகள்

அந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் மற்றொன்றைத் திறந்து வைத்தவர்கள் ஓட்டாகோ பல்கலைக்கழகத்தின் வெலிங்டன் மருத்துவப் பிரிவைச் சேர்ந்த பேராசிரியர் பிலிப்பா ஹவ்டன் சாப்மனும் அவருடைய கூட்டத்தாரும். 2001இல் அவர்கள் வருமானம் குறைந்த ஏழு வட்டாரங்களில் காப்பில்லாத 1,350 வீடுகளைத் தேர்ந்தெடுத்தனர். அவற்றில் 4,407 பேர் வாழ்ந்தனர். ஒவ்வொரு வீட்டிலும் சுவாச நோய்க்குறி உள்ளவர் ஒருவராவது இருந்தார். மாவோரிகளும் பசிபிக் தீவு மக்களும் அவர்களில் மிகுதி.

2001ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் எல்லா வீடுகளின் நிலையையும் குறித்துக்கொண்டனர். பின்னர் சீட்டுப் போட்டுப் பாதி வீடுகளுக்கு மட்டும் காப்பு அமைத்தனர். மறுகுளிர்காலத்தில் இரு பாதியையும் ஒப்பிட்டனர். ஒப்பீடு முடிந்ததும் எஞ்சிய பாதிக்கும் காப்பு வைத்துக் கொடுத்தனர். எவரையும் ஏமாற்றாமலும், அதே வேளையில் உண்மையை மறைக்க இடமில்லாமலும் செய்த இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது. பயிற்சிக் கல்லூரியில் சோதனை முறை படித்த ஆசிரியர் எவருக்கும் இதன் அருமை விளங்கும்.

2007இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் வெளிவந்த முடிவை முதன்முறை பார்ப்பவர் ஏமாற்றம் அடையக்கூடும். படுக்கையறையின் வெப்பம் ஏறியது அரைப்பாகை மட்டுமே! ஈரப்பதம் சற்றே குறைந்தது. காப்பு வைத்த வீடுகளில் எரிபொருள் செலவு மற்றவற்றின் செலவில் நூற்றுக்கு 81 பங்காக இருந்தது. இவ்வளவு சிறிய மாற்றத்தால் மனித உடலுக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் நெஞ்சில் இழுப்பு இருப்பதாகச் சொன்னவர் தொகை வெகுவாகக் குறைந்தது. வேலைக்குப் போக முடியாத நாட்கள் குறைந்தன. பிள்ளை பள்ளிக்கு வராமற்போகும் வாய்ப்போ ஏறத்தாழப் பாதியாயிற்று. மருத்துவமனையில் படுத்தவர் தொகையும் குறைந்தது; எனினும் அந்தக் குறைவு தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளரே எழுதி வைத்தனர். தமக்குச் சாதகமான எண்ணையும் ஐயத்தோடு பார்த்த அந்த நேர்மை மற்ற எண்களின் மேல் நம்பிக்கையை உண்டாக்குகிறது.

அடுத்து, ஈளை நோயுள்ள 6 முதல் 12 வயது வரையான பிள்ளைகள் இருந்த 409 வீடுகளில் மற்றோர் ஆய்வு நடந்தது. காப்பு முன்னரே வைத்த வீடுகளில், பழைய அடுப்புக்கு மாற்றாக நல்ல வெப்பச் சாதனம் பொருத்திப் பார்த்தனர். அப்பிள்ளைகள் ஒரு பள்ளித் தவணையில் ஏறத்தாழ இரண்டு நாள் கூடுதலாகப் பள்ளிக்கு வந்தனர். இரண்டு நாள்தானே என்று சொல்பவர் வருகைப் பதிவேட்டை எழுதிப் பழகாதவர். அடிக்கடி விடுபடும் பிள்ளை கணக்கில் ஒரு படியைத் தவறவிட்டால் அடுத்த படியில் கால் வைக்க முடியாமல் நிற்பதை வகுப்பாசிரியர் அறிவார்.

ஒரே ஆண்டு, இரண்டு நாடுகள்

2009 ஜூலை 1ஆம் நாள் நியூசிலாந்தில் பெரிய மானியத் திட்டம் தொடங்கியது. நான்கு ஆண்டுகளில் 1,80,000க்கு மேற்பட்ட வீடுகள் என்பது குறி. ஒதுக்கிய பணம் 32 கோடி நியூசிலாந்து வெள்ளிக்கு மேல். 2000ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய வீடாக இருக்க வேண்டும். செலவில் மூன்றில் ஒரு பங்கு, 1,300 வெள்ளி வரை, மானியம். வருமானம் குறைந்தவருக்கு நூற்றுக்கு 60 பங்கு. எஞ்சியதை வீட்டுக்காரர் போட வேண்டும்; பல ஊர்களில் அறநிதிகளும் நகராட்சிகளும் கைகொடுத்தன. காப்பை எப்படி வைப்பது என்பதற்கு 2006லேயே ஒரு தேசியத் தர விதி வெளியாகியிருந்தது. ஒப்பந்தம் பெற்ற நிறுவனங்கள் மட்டும் வேலை செய்தன. செய்த வேலையைப் பின்னர் சோதனை பார்த்தனர்.

அதே ஜூலை 1ஆம் நாள், கடலுக்கு அப்பால் ஆஸ்திரேலியாவில் மற்றொரு திட்டம் முழுவேகம் பிடித்தது. உலகப் பொருளாதார நெருக்கடியில் வேலை இழந்தோருக்கு வேலை கொடுக்கும் நோக்கத்தோடு பிப்ரவரி 3ஆம் நாள் அறிவித்து, ஐந்தே மாதத்தில் நாடெங்கும் நடத்த முனைந்த திட்டம் அது. வீடொன்றுக்கு 1,600 ஆஸ்திரேலிய வெள்ளி வரை அரசாங்கமே கொடுத்தது. அந்தப் பணம் காப்பு வைத்த நிறுவனத்தின் கைக்கே நேராகப் போயிற்று. வீட்டுக்காரர் பெரும்பாலும் ஒரு காசும் போடவில்லை. ஆகவே வந்தவன் யார், செய்த வேலை என்ன என்று கூர்ந்து பார்க்க அவருக்குத் தூண்டுதலும் இல்லை. தொழிலுக்கு முன்பின் தொடர்பில்லாத நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் முளைத்தன. கூரைமேல் ஏறும் ஒவ்வொருவருக்கும் பயிற்சி வேண்டும் என்னும் முதல் எண்ணம் கைவிடப்பட்டு, மேற்பார்வை செய்பவர் பயிற்சி பெற்றிருந்தால் போதும் என்று தளர்த்தப்பட்டது.

காப்புப் பொருள்களில் ஒன்று, அலுமினியத் தகடு ஒட்டிய தாள். வெப்பக் கதிரைத் திருப்பியடிக்க வல்லது, விலையும் மலிவு. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். உலோகக் கொக்கியால் அதை உத்தரத்தில் அடிக்கும்போது, மறைந்து கிடக்கும் மின்கம்பியில் கொக்கி பாய்ந்தால் தாள் முழுவதும் மின்சாரம் ஏறும். அதன்மேல் தவழ்ந்து வேலை செய்பவனுக்குத் தப்ப வழியில்லை. 2007இல் நியூசிலாந்தில் மூவர் இவ்வாறு மாண்டிருந்தனர். அந்தச் செய்தி ஆஸ்திரேலிய அதிகாரிகளின் காதுக்கும் எட்டியிருந்தது.

2009 அக்டோபர் முதல் 2010 பிப்ரவரி வரை நான்கு இளம் தொழிலாளர் உயிரிழந்தனர். குயின்ஸ்லாந்தில் மூவர் மின்சாரம் தாக்கி மடிந்தனர். நியூ சவுத் வேல்ஸில் ஒருவர் கோடைக் கூரையின் அடியில் வெப்பம் தாங்காமல் மடிந்தார். நால்வரில் இளையவருக்கு வயது 16, மூத்தவருக்கு 25. முதல் மரணத்துக்குப் பின் உலோகக் கொக்கிகளைத் தடுத்தனர். அலுமினியத் தாளையே நிறுத்தியது நான்காவது மரணத்துக்குப் பின்னர்தான். 2010 பிப்ரவரி 19ஆம் நாள் திட்டம் மூடப்பட்டது. அதற்குள் சுமார் 11 இலட்சம் வீடுகளில் காப்பு வைத்தாயிற்று. 2013 டிசம்பரில் அமைத்த அரச விசாரணை ஆணையத்தின் தலைவர் இயன் ஹேங்கர் 2014 ஆகஸ்டில் அறிக்கை அளித்தார். திட்டத்தை ஒழுங்காக வகுத்து நடத்தியிருந்தால் அந்த நால்வரும் மாண்டிருக்க மாட்டார்கள் என்பது அவர் முடிவு.

ஆஸ்திரேலியாவைப் பழித்து நியூசிலாந்தைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்வது எளிது. ஆயின் அது முழு உண்மை ஆகாது. 2001ஆம் ஆண்டு ஆய்வில் தரையின் அடியில் கட்டியதும் அதே அலுமினியத் தாள்தான். பிள்ளைகளின் மூச்சைக் காத்த பொருளும் தொழிலாளரின் உயிரைக் குடித்த பொருளும் ஒன்றே. பழைய வீடுகளில் அந்தத் தாளைப் புதிதாகப் பொருத்துவதையும் பழுது பார்ப்பதையும் நியூசிலாந்து 2016 ஜூலை 1 முதல் தடை செய்தது. மூவர் மாண்டு ஒன்பது ஆண்டுகள் சென்ற பிறகே அத்தடை வந்தது.

எதிர்பாராத வரவு

நியூசிலாந்துத் திட்டம் 2013 வரை நடந்து இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளை எட்டியது. இடையில் பொருளியல் அறிஞர் சிலர் காப்பு வைத்த பல்லாயிரம் வீடுகளின் மின்கணக்கையும், அங்கு வாழ்ந்தோரின் மருத்துவமனைக் கணக்கையும், காப்பில்லாத ஒத்த வீடுகளோடு ஒப்பிட்டனர். 2012இல் வெளியான கணக்கின்படி மின்சாரச் செலவில் மிச்சமானது நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று! எரிபொருள் சிக்கனத் துறை நடத்திய திட்டம் எரிபொருளை அநேகமாக மிச்சப்படுத்தவே இல்லை.

மக்கள் பணத்தை மிச்சம் பிடிக்கவில்லை, வெப்பமாக வாங்கிக்கொண்டார்கள். முன்பு இரண்டு மணி நேரம் எரித்த அதே மின்சாரத்தால் இப்போது மாலை முழுவதும் கூடம் கதகதப்பாக இருந்தது. இயந்திரம் சிக்கனமாக ஓடினால் நிலக்கரிச் செலவு குறையாமல் கூடவே செய்யும் என்று 1865லேயே எழுதிய ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலார் இதைக் கண்டு வியந்திருக்க மாட்டார்.

ஆயினும் இலாபக் கணக்கு வேறோர் இடத்திலிருந்து நிறைந்து வந்தது. திட்டத்தில் போட்ட ஒவ்வொரு வெள்ளிக்கும் ஏறத்தாழ நான்கு வெள்ளி பயன் என்று கண்டனர். அந்தப் பயனில் நூற்றுக்கு 99 பங்கு உடல்நலத்தைச் சேர்ந்தது. குறிப்பாக, இதய நோய்க்கு முன்னரே மருத்துவமனையில் இருந்து திரும்பிய 65 வயது கடந்தோரிடையே மரணம் குறைந்தது. 2001இல் அந்த ஆய்வு நடந்திராவிட்டால் 2012இல் உடல்நலக் கணக்கைப் புரட்டிப் பார்க்க எவருக்கும் தோன்றியிராது. ‘நூற்றுக்கு ஒன்றுதான் மிச்சம், வீண் செலவு’ என்று திட்டத்தை மூடியிருப்பார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 30,000க்கு மேற்பட்ட குடும்பங்களைக் கொண்டு நடத்திய ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. ஏழைகளின் வீட்டுக்கு இலவசமாகவே காப்பு வைத்துக் கொடுத்தும், எதிர்பார்த்த எரிபொருள் சேமிப்பில் மூன்றில் ஒரு பங்குகூடக் கிட்டவில்லை. செலவில் பாதிதான் திரும்பியது. இலவசம் என்று சொல்லி வீடு வீடாகச் சென்று அழைத்தும் பெரும்பாலோர் வரவில்லை என்பது அதைவிட வியப்பு. பாரங்களை நிரப்பவும், வருமானச் சான்று காட்டவும், அந்நியரை வீட்டுக்குள் விடவும் ஏழைக்கு உள்ள தயக்கத்தை அலுவலகத்தில் இருப்பவர்கள் குறைத்தே மதிப்பிடுகின்றனர்.

வாடகைக்கு இருப்போர்

மானியத்துக்கு ஒரு குறை உண்டு. அது வீட்டு உரிமையாளனின் கையில் கொடுக்கப்படுவது. தன் வீட்டில் தானே வாழ்பவன், கொஞ்சம் பணம் போட்டால் தன் பிள்ளைக்கு நல்லது என்று போடுவான். வாடகைக்கு விடுபவனோ, பணம் தன்னுடையது, கதகதப்பு குடியிருப்பவனுடையது என்று கணக்குப் பார்ப்பான். குடியிருப்பவனுக்குக் கூரையைத் தொட உரிமை இல்லை. மிகக் குளிர்ந்த வீடுகளில் மிக ஏழைகள் வாடகைக்கு இருந்தனர். மானியம் சென்று சேர மிகவும் தயங்கிய இடமும் அதுவே.

2014இல் தெற்கு ஆக்லாந்தில் அரசாங்க வாடகை வீடொன்றில் வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. மறு ஆண்டு மரண விசாரணை அதிகாரி அந்த வீட்டின் குளிரும் ஈரமும் குழந்தையின் நோய்க்குத் துணைபோயிருக்கக் கூடும் என்று தீர்ப்பெழுதினார். அந்தக் குடும்பத்துக்கு வெப்பச் சாதனம் கொடுக்கப்பட்டிருந்தது. மின்கட்டணம் கட்ட வழியில்லாமையால் அதனைப் போதிய அளவு பயன்படுத்த முடியவில்லை. நாடே கலங்கியது. அதன்பின் பேச்சு மானியத்திலிருந்து சட்டத்துக்குத் திரும்பியது.

2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2019 ஜூலை 1க்குள் வாடகை வீடு ஒவ்வொன்றிலும், வைக்க இயன்ற இடமெல்லாம், உட்கூரைக்கும் தரைக்கும் காப்பு வைத்தாக வேண்டும் என்றாயிற்று. வாடகை ஒப்பந்தத்திலேயே வீட்டில் எங்கே என்ன காப்பு இருக்கிறது என்று உரிமையாளர் எழுதிக் கையொப்பமிட வேண்டும். 2019இல் வந்த விதிகள் இன்னும் விரிந்தவை. உட்கூரையில் முன்னரே உள்ள பஞ்சு 120 மில்லிமீட்டருக்குக் குறையாத கனத்தில் இருக்க வேண்டும். அடைப்பான நிலத்தின் மேல் ஈரத்தடுப்பு விரிக்க வேண்டும். இடுக்குகளை அடைக்க வேண்டும். சொந்த வீட்டுக்காரருக்கு 2018இல் புதிய மானியத் திட்டம் ஒன்றும் தொடங்கியது. அதில் வருமானம் குறைந்தோருக்கே உதவி.

வாடகை வீடுகள் யாவும் புதிய விதிகளுக்கு அடங்க வேண்டிய கடைசி நாள் 2025 ஜூலை 1. முக்கியக் கூடத்தை 18 பாகை வரை சூடாக்கவல்ல சாதனம் ஒன்றை நிலையாகப் பொருத்தித் தர வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. படுக்கையறைக்கு அத்தகைய விதி செய்யப்படவில்லை.